கூப்பிட்டால் திரும்பாதவர்

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதியும் பிரயோஜனம் கிடையாது. உயிரோடு இருந்தபோதே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தவரில்லை அவர். முதலியார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு அவர் முசே. பிரெஞ்சுக்காரன் காலத்தில் ஐயா என்பதற்குச் சொன்ன வார்த்தை அது. ஊரில் எத்தனையோ முசேக்கள் இருந்து செத்துப்போயிருக்கிறார்கள். எங்கள் தெருவில் முசே என்றால் பக்கத்து வீட்டு ருஷ்யாக்காரர் ஒருவர்தான்.

நான் அப்போது ஒரு டாக்டரின் கிளினிக்கில் ஆள் கூப்பிடும் வேலையில் இருந்தேன். இரண்டாயிரத்து மூன்றோ நாலோ. நம்பர் சொன்னால் நோயாளிக்கு மரியாதை இல்லை, பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது எங்கள் டாக்டரின் கொள்கை. தொண்டைத்தண்ணி வற்றுவது அவருக்கா, எனக்கா. முழங்கால் வலி என்று முசே ஒருநாள் வந்து உட்கார்ந்தார். அவர் முறை வந்ததும் கூப்பிட்டேன். எதிர் பெஞ்சில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்துகொண்டு, சுவரில் இருந்த சொட்டு மருந்துப் படத்தையே பார்த்தபடி இருந்தார். மறுபடியும் கூப்பிட்டேன். சொட்டு மருந்துக் குழந்தையாவது திரும்பியிருக்கும். கூட்டமெல்லாம் போன பிறகு கிட்டே போய் நின்றேன்.

"முசே, உங்களத்தான கூப்ட்டேன்?"

"கேட்டுது."

"கேட்டா எழுந்து வரவேண்டியதுதான?"

"நீ ஒரு பேரச் சொன்ன. என்னைய எங்க கூப்ட்ட?" என்றார்.

காது மந்தமோ என்று அவர் மனைவி தனம் அத்தை அதற்கு முன்னாலேயே காது டாக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டியிருந்தாள். பாம்புச் செவி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அத்தை சந்தேகப்படவில்லை. ரேஷன் கடையோ, ஓட்டுச்சாவடியோ, முசேயின் பெயரை யாராவது கூப்பிட்டால் "தோ இருக்காரு" என்று அவள் முந்திக்கொள்வாள். அவர் அவளுக்குப் பின்னால், சம்பந்தமே இல்லாதவர் போல நிற்பார்.

முசே எங்கள் ஊருக்கு வந்தது மில்லுக்காக. பிரெஞ்சுக்காரன் கிளம்புவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் புதுத் தறி இயந்திரங்கள் கப்பலில் வந்தன. அவற்றைப் பூட்டிக் கொடுக்க வந்தவர்களில் இவர் ஒருவர். ஆறு மாதத்தில் திரும்பிப்போக வேண்டிய ஆள். மில்லில் காலையில் பெயர் வாசித்து ஆள் கணக்கு எடுப்பார்கள். இவர் பெயரை வாசிக்கும்போது பதிலே வராது. இரண்டாவது தறிக்கு அடியிலிருந்து சுத்தியல் சத்தம் மட்டும் கேட்கும். முதல் மாதம் முழுக்க அவர் வேலைக்கே வரவில்லை என்று எழுதிவைத்திருந்தார்கள். என் அப்பா அதே பிரிவில் எண்ணெய் போடும் இளவட்டம். பாவம் பார்த்து, இவர் பெயர் வரும்போது அப்பாவே "ஆஜர்" என்று குரலை மாற்றிச் சொல்ல ஆரம்பித்தார். இருவருக்கும் சிநேகம் அப்படி உண்டானதுதான். அன்றிலிருந்து அப்பாவுக்கு மில்லில் இரண்டு தொண்டை.

ஆறு மாதம் முடிந்தும் முசே ஏன் போகவில்லை என்பதை அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். நூல் சுற்றும் பிரிவில் தனம் அத்தை இருந்தாள். இவர் அவளைப் பார்த்துவிட்டார். அவளும் பார்த்துவிட்டாள். அது ஊரில் எல்லோருக்கும் நடப்பது. ஆனால் பாரீஸுக்குத் திரும்பி வேலை தேட வேண்டும், அம்மா தனியாக இருக்கிறாள் என்று அவர் கிளம்புகிற யோசனையில்தான் இருந்திருக்கிறார். அப்போது ஒருநாள் அப்பாவிடம் கேட்டார், "இந்தப் பொண்ணு எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்புடுது. என்னைய மட்டும் ஏன் சொல்லல? மறந்துபோவுதா?"

"கட்டிக்கப் போறேன்னு நெனச்சிட்டா சொல்ல மாட்டாங்க முசே. எங்க ஊர்ல பொண்டாட்டி புருசன் பேர வாயால சொல்ல மாட்டா."

"எப்பவுமா?"

"சாவுற வரிக்கும்."

முசே தன் கப்பல் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டார். மனிதர்கள் என்னென்னவோ காரணத்துக்காகக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். இது ஒன்றும் மோசமான காரணம் இல்லை. ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். கதவைத் திறந்தது அத்தை என்றால் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். முசே என்றால் தன் பெயரைச் சொல்ல மாட்டார். என் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ச் சொல்லிவிட்டு வருவாள்.

அத்தை அவரை "இந்தாங்க" என்பாள், "உங்களத்தான்" என்பாள். அதற்கு அவர் நொடியில் திரும்புவார். குழந்தை குட்டி கிடையாது. அவர் தமிழ் முழுக்கத் தறிச் சத்தத்துக்கு நடுவே கற்ற தமிழ். அதனால் வீட்டுக்குள்ளும் கத்தித்தான் பேசுவார். மானேஜர் முதல் மாடு வரை எல்லோரும் அவருக்கு நீதான்.

இனி என் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. அப்பா மில் சங்கத்தின் கிளைச் செயலாளர், மில்லிலேயே வேலைக்குத் தங்கிவிட்ட முசேயைச் சங்கத்தில் சேர்த்தவரும் அவர்தான். எங்கள் வீட்டுக் கூடத்தில் சாமி படம் கிடையாது. தாடி வைத்தவர் ஒருவர், வழுக்கை விழுந்தவர் ஒருவர், இரண்டே படம். அம்மாவின் முருகன் அரிசிப் பானைக்குப் பின்னால் தலைமறைவாக இருந்தார். அப்பாவுக்குத் தெரியும், தெரியாதது போல இருப்பார். அவர் வாழ்க்கையில் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். செத்தால் தன் உடம்பு மேல் சங்கத்தின் செங்கொடியைப் போர்த்த வேண்டும். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோதுகூட, "உறுப்பினர் அட்டைய என் ஜோபில போடு, வழியில போயிட்டா இன்னார்னு தெரியணும்" என்றார். இன்னார் என்று சொல்லப் பிள்ளைகள் நாங்கள் போதவில்லை.

நவம்பர் மாதத்தில் ருஷ்யப் புரட்சி நாளுக்கு மில் வாசலில் கொடி ஏற்றுவார்கள். அப்பா பேசுவார். "நம் கிளைக்கு ஒரு பெருமை உண்டு தோழர்களே. புரட்சி பிறந்த மண்ணின் ஒரு தையல் தொழிலாளி பெற்ற பிள்ளை நம்மோடு இருக்கிறார்" என்று கூட்டத்தின் கடைசிக்குக் கையை நீட்டுவார். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். கடைசி வரிசைக்கும் பின்னால் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் முசே நிற்பார், அவரும் கூடவே திரும்பித் தனக்குப் பின்னால் பார்ப்பார். பூந்தி கொடுக்கும்போது வாங்கித் தின்றுவிட்டு, அத்தைக்கு என்று இன்னொரு பொட்டலம் கேட்பார்.

அந்தச் சோவியத் நாடு உடைந்துபோன வருஷம் அப்பா சாப்பிடாமல் குப்புறப் படுத்துக்கொண்டார். எழவு வீடு மாதிரிதான் இருந்தது. முசே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "வுடு. நாடுன்னா போவும். எங்கம்மாளுக்கும் போச்சி. அடுத்த நாள் துணி தைக்கப் போனா. நீ எழுந்து சோறு துன்னு" என்றார். அப்பா எழுந்து சாப்பிட்டார். அந்த அம்மாவுக்கு நாடு எப்படிப் போயிற்று என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

பதினைந்து வருஷம் கழித்து அதற்குப் பதில் ஆட்டோவில் வந்து இறங்கியது.

கோட்டும் டையும் போட்ட ஒரு வெள்ளைக்காரர். எழுபது வயதிருக்கும். சித்திரை வெயிலில் வெந்த நண்டாகச் சிவந்திருந்தார். பாரீஸில் பழைய ருஷ்ய அரச குடும்பங்களில் மிஞ்சிய ஆட்களைத் தேடுகிற கூட்டம் ஒன்று இருக்கிறதாம், அதிலிருந்து வந்திருக்கிறார். தெருமுனை டீக்கடையில் நின்று இளவரசர் வீடு எது என்று கேட்டிருக்கிறார். எங்கள் தெருவில் அப்படி யாரும் வாடகைக்குக்கூட இருந்ததில்லை என்றார்கள். மனிதர் நடுத்தெருவில் வந்து நின்று பெயரை முழுசாகக் கூவினார். பட்டமெல்லாம் சேர்த்து ரயில் மாதிரி நீண்ட பெயர். முசே குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. குடம் நிரம்பிய பிறகுதான் தூக்கிக்கொண்டு திரும்பினார். வந்தவர் அந்த முகத்தைப் பார்த்ததும் கைப்பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். பாதி வழியில் குனிந்து, முசேயின் ஈரக்கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார்.

தெருவே பார்த்தது. அப்பா ஓடிவந்தார். அவருக்குக் கொஞ்சம் பிரெஞ்சு தெரியும். "பழைய மில் கூட்டாளி, ரொம்ப நாள் கழிச்சிப் பாக்கறாங்க" என்று கூட்டத்துக்கு மொழிபெயர்த்தார். நல்ல மொழிபெயர்ப்புதான். ஆனால் வந்தவர் வாய்க்கு வாய் பிரின்ஸ், பிரின்ஸ் என்றுகொண்டிருந்தார். டீக்கடையில் இருந்த செல்வராசு, "பிரின்ஸ்னா இன்னான்னு எல்கேஜி புள்ளைக்குக்கூடத் தெரியும் தோழர்" என்றான். அவன் கிளையின் துணைச் செயலாளன். அப்பாவின் நாற்காலி மேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு கண்.

முசே விருந்தாளிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஸ்டாண்டுக்கு வழி சொல்லி அனுப்பிவிட்டார். பாரீஸுக்கு ஒருமுறை வாருங்கள் என்றதற்கு, மாடியில் தண்ணீர் தொட்டி கழுவ வேண்டியிருக்கிறது என்றாராம். செல்வராசு இன்னொரு டீ வாங்கிக் கொடுத்து, அந்த நீளப் பெயரை வந்தவர் வாயாலேயே மெதுவாகச் சொல்லவைத்து மனப்பாடம் செய்துகொண்டான்.

அன்று மத்தியானம்தான் அப்பா எங்களிடம் சொன்னார். முசேயின் அம்மா அரச வம்சத்துப் பெண். ருஷ்யாவை ஆண்ட ஜார் மன்னனுக்குச் சித்தப்பா வழிப் பேத்தியோ என்னமோ. புரட்சி சமயத்தில் அவளுக்குப் பன்னிரண்டு வயது. துப்பாக்கிக்காரர்கள் வந்து மாளிகையில் இருந்த எல்லோரையும், வேலைக்காரர்கள் உட்பட, முற்றத்தில் நிறுத்தி ஒரு காகிதத்தைப் பார்த்துப் பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள். அவள் அப்பா "இருக்கிறேன்" என்று முன்னால் போனார். அண்ணன்கள் போனார்கள். அவள் அத்தை போனாள். மரியாதை தெரிந்த குடும்பம், கூப்பிட்டால் பதில் சொல்லிப் பழகியவர்கள். இவள் வண்ணாத்தியின் பிள்ளைகளோடு கடைசியில், அந்தப் பிள்ளைகளின் கிழிசலைப் போட்டுக்கொண்டு நின்றாள். அவள் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். வண்ணாத்தி பின்னாலிருந்து மணிக்கட்டைக் கிள்ளியபடியே இருந்தாள். இவள் வாயைத் திறக்கவில்லை. முன்னால் போனவர்களைத் தோட்டத்துக்குப் பின்பக்கம் கூட்டிப்போனார்கள். திரும்பவில்லை.

பிறகு எப்படியோ பாரீஸ் போய்ச் சேர்ந்து, சட்டைக்குக் காலர் தைத்து வயிறு வளர்த்தாள். மகனுக்குப் பெயர் வைத்தாளே ஒழிய, அதைச் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. சோறு ஆகிவிட்டால் கரண்டியால் சட்டியைத் தட்டுவாளாம். பேர் கூப்பிட்டா போகாதே, அவ்வளவுதான் அவள் சொல்லிக்கொடுத்த பாடம்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று அம்மா கேட்டாள்.

"நா அவனுக்கு ஆஜர் சொன்ன மொத நாளே சொல்லிட்டான்."

"அப்ப இத்தினி வருசமா மேடையில தையல்காரி தையல்காரின்னு..."

"தையல்காரிதான? காலர் தச்சாள்ல. அதுல பொய் எங்க இருக்குது?" என்றார் அப்பா.

விசாரணை வைத்துவிட்டார்கள். வர்க்க விரோதியைத் தெரிந்தே சங்கத்தில் சேர்த்து, தோழர்களிடம் மறைத்தார் என்று அப்பா மேல் செல்வராசு புகார் கொடுத்திருந்தான். சோவியத்தே இல்லாமல் போய்விட்டது, மில்லில் பாதித் தறி ஓடவில்லை, கிளையில் மிச்சம் இருந்ததே இருமுகிற பத்துப் பன்னிரண்டு கிழவர்கள். ஆனாலும் ஜார் மன்னன் விஷயத்தில் முதலியார்பேட்டை அலட்சியமாக இருக்க முடியாது. புகார் நிரூபணமானால் அப்பாவின் அட்டை போகும். அட்டை போனால் கொடி கிடையாது. அதை அவர் தாங்க மாட்டார் என்று எனக்கும் அம்மாவுக்கும் தெரியும்.

முந்தின நாள் சாயங்காலம் அப்பா முசேயிடம் ஏற்பாடு சொன்னார். "நாளிக்கு உன் பேரக் கூப்டுவாங்க. நீ எப்பவும் போல வாயத் தொறக்காத. ஆள் யாருன்னே தெரியல, அந்த வெள்ளக்காரன் எவனயோ பாத்து மயங்கிட்டான்னு நா பேசிக்கறேன்."

"நம்பலன்னா?"

"நம்பலன்னா எங்கிட்ட வருவாங்க. நா பாத்துக்கறேன்."

"பாத்துக்கறேன்னா, உன் அட்டயப் புடுங்குவாங்க."

அப்பா ஜோபிலிருந்த அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் முசே கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு, முகம் மழித்து வந்து நின்றார். நேராக அடுப்படிக்கு வந்து அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தோசை மாவுக் கை. ஐம்பது வருஷமாகப் பக்கத்து வீடு, ஒருநாளும் கை குலுக்கியதில்லை. என் கையையும் குலுக்கினார். அத்தையிடம் சிலிண்டரை எப்படி மூட வேண்டும், மோட்டார் ஸ்விட்ச் எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். "மாப்ள கணக்கா கெளம்பிட்டீங்களே முசே" என்று நான் கேலி பண்ணினேன். அவரும் சிரித்தார்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி இருப்பதால் அம்மா என்னைக் கூடவே அனுப்பினாள். சங்கக் கட்டடத்தின் ஜன்னலோரம் நின்றுகொண்டேன். மேசை மேல் வழக்கம் போலச் செங்கொடியை விரித்து, அதன் மேல் டீ தம்ளர்களை வைத்திருந்தார்கள். தரையில் கொடியின் நுனி பட்டால்கூட அப்பா அறைந்துவிடுவார், தம்ளருக்கு மட்டும் அனுமதி உண்டு. மேலிடத்திலிருந்து வந்த தோழர் நடுவில் உட்கார்ந்தார். அப்பா ஓரத்தில் தனியாக ஒரு ஸ்டூலில். முசே எல்லோருக்கும் பின்னால், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில்.

செல்வராசு எழுந்து, மனப்பாடம் செய்த பெயரை முழுசாகச் சொன்னான். தப்பில்லாமல்தான் சொன்னான், பாவம், உழைத்திருந்தான். யாரும் பதில் சொல்லவில்லை. மறுபடி சொன்னான். ஃபேன் சத்தம்தான் கேட்டது.

மேலிடத்துத் தோழர் அப்பா பக்கம் திரும்பினார். "அந்த ஆள் பதில் சொல்லலேன்னா, சேத்தவர்தான் தோழர் பொறுப்பு. உங்க அட்டைய மேசை மேல வைங்க."

அப்பா சட்டைப் பைக்குள் கையை விட்டார். அட்டை வரவில்லை. மாட்டிக்கொண்டதோ, அவர் விரல்தான் பிடிக்கவில்லையோ. நான் உள்ளே போய்விடலாமா என்று பார்த்தேன்.

"இருக்கேன்," என்றது ஒரு குரல்.

முசேயின் குரலே அல்ல. தறிச் சத்தத்துக்கு மேல் கத்துகிற அந்தக் குரல் எங்கே போயிற்றோ, ஒரு சின்னப் பிள்ளையின் குரலாக வந்தது. பீரோவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். நாற்காலிகளைத் தாண்டி, எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார்.

"அது நாந்தான். இவனுக்கு ஒன்னும் தெரியாது. தையக்காரி புள்ளன்னு நாஞ் சொன்னேன், நம்பிட்டான். இவன் எதச் சொன்னாலும் நம்புவான்."

கிழவர்கள் தலையாட்டினார்கள். அப்பா எதைச் சொன்னாலும் நம்புவார் என்பது கிளையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அப்பா எழுந்து, "பொய் சொல்றான்" என்றார். அவரை உட்காரச் சொன்னார்கள். மேலிடத்துத் தோழர் தீர்மானம் எழுதினார். முசே சங்கத்திலிருந்து நீக்கம். அப்பாவுக்கு எச்சரிக்கை, அட்டை அவரிடமே இருக்கும். மேலிடத்துத் தோழருக்கு மத்தியானம் உழவர்கரையில் ஒரு காதுகுத்து இருந்தது, கிளம்பிவிட்டார். மற்றவர்கள் டீக்கடைக்குப் போனார்கள். செல்வராசுவும் போனான்.

முசே நின்ற இடத்திலேயே நின்றார். கைகளை ஒட்டித் தொங்கவிட்டு, நேராக.

"முடிஞ்சிபோச்சி முசே," என்றார் அப்பா. "வா."

"எங்க கூட்டிட்டுப் போவாங்க?"

"யாரு?"

"பேரக் கூப்ட்டாங்களே. நா வந்துட்டேன். பின்பக்கமா?"

அப்போதுதான் பார்த்தேன். கல்யாணக் கால்சட்டையின் முன்பக்கம் நனைந்து, கால் வழியாக இறங்கித் தரையில் தேங்கியிருந்தது. காலையில் அவர் எங்கள் கையையெல்லாம் எதற்காகக் குலுக்கினார் என்பது அப்போதுதான் என் மண்டைக்கு உறைத்தது. மாப்பிள்ளை என்று கேலி பண்ணினேனே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்பாவும் பார்த்தார். மேசை மேலிருந்த செங்கொடியைப் பிடித்து இழுத்தார். தம்ளர்கள் எல்லாம் உருண்டன. கொடியை முசேயின் இடுப்பில் சுற்றி, லுங்கி மாதிரி இறுக்கி முடிச்சுப் போட்டார். நுனி தரையில் புரண்டு ஈரத்தில் நனைந்தது. அப்பா அதைக் குனிந்து எடுக்கவில்லை.

"வூட்டுக்குத்தான்," என்றார். "வேற எங்க?"

முதலியார்பேட்டை மெயின் ரோட்டில், பட்டப்பகலில், இடுப்பில் செங்கொடியோடு ருஷ்ய இளவரசரை நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துக் கூட்டி வந்தோம். தனம் அத்தை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கொடியைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைத் தெரியாதவர் போலத் தாண்டி நடந்துகொண்டே இருந்தார்.

"இந்தாங்க," என்றாள் அத்தை. "உங்களத்தான்."

முசே திரும்பினார்.